சோதிக்கு எந்தப் பெட்டி?

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணி. கோட்-டெ-நெய்ஜில் பிளாமொண்டன் மெட்ரோவை விட்டு வெளியே வந்து விக்டோரியா வீதியில் கொஞ்சத் தூரம் நடந்தால் எங்கட ஆட்களின் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். ஆறேழு பேர் வரிசையில் நின்றால் கதவு சாத்த இடமிராது. கொத்துப் போடுகிற சத்தம் வீதி வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு எனக்கு முன்னால் நின்ற அண்ணை இடியப்பம், சோதி, சம்பல், மீன்குழம்பு என்று ஒரு குடும்பத்துக்குக் கட்டச் சொல்லியிருந்தார். பில்லைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"சாப்பாட்டுக்குத்தானே காசு. பெட்டிக்கும் காசோ?"

"என்ன செய்யிறது அண்ணை. முந்தின பெட்டி இப்ப குடுக்கேலாது. இது விலை கூட" என்றார் கடைக்கார அக்கா.

"விலை கூட எண்டாலும் பரவாயில்லை. வீட்டை போறதுக்குள்ள மட்டை ஊறிப் போகுதே!"

அவர் காசைக் கொடுத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார். அக்கா என்னைப் பார்த்து, "நீங்கள் எழுதிற ஆள்தானே, இதைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோவன். நாங்கள் சொன்னா ஒருத்தரும் நம்பீனமில்லை" என்றார். அதனால்தான் இந்த வாரம் பெட்டிக் கதை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மொன்றியல் நகரசபை 2021-ல் நிறைவேற்றிய ஒரு விதி 2023 மார்ச் 28-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உணவகங்கள் பிளாஸ்டிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, ஸ்ட்ரோ, கலக்கும் குச்சி கொடுக்கக் கூடாது. 6-ஆம் எண் பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி, மூடி, தட்டு, கோப்பையும் கூடாது. 6-ஆம் எண் என்றால் பொலிஸ்டைரீன். ஊரில் நாங்கள் ரெஜிபோம் என்று சொல்லும் வெள்ளைப் பெட்டி அந்தச் சாதிதான். அதற்கு முன்பே, 2022 செப்டெம்பர் 27 முதல், கடைகளும் உணவகங்களும் பிளாஸ்டிக் பை கொடுப்பது நின்றுவிட்டது. ஆகவே அக்கா சொன்னது சாட்டு இல்லை. அவருக்கு வேறு வழியில்லை.

ரெஜிபோம் பெட்டியில் என்ன பிழை என்று கேட்பவர்கள் உண்டு. பாரமில்லை, மலிவு, சூடும் ஆறாது. உண்மைதான். அது சூட்டைப் பிடித்து வைப்பதற்குக் காரணம் அதன் பெரும்பகுதி காற்று என்பதே. அதே காரணத்தால்தான் அதை மீள்சுழற்சி செய்வதும் கட்டுப்படியாகாது. லொறி நிறைய ஏற்றினாலும் ஏற்றியதில் அதிகம் காற்று. உடைந்தால் சின்னச் சின்ன மணிகளாகப் போய்விடும். பனி கரைகிற மாதத்தில் வீதியோரக் கான்களுக்குள் பாருங்கள், அந்த வெள்ளை மணிகள் தெரியும்.

இன்னொன்று எங்கட சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டது. பொலிஸ்டைரீன் கிட்டத்தட்ட 100 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். கொத்துத் தட்டிலிருந்து நேரே பெட்டிக்குள் போகிற கொத்து, தாளித்த எண்ணெய் மிதக்கிற குழம்பு, இவையெல்லாம் அந்தச் சூட்டை அண்டி நிற்பவை. பெட்டியின் அடி வளைந்து, சுருங்கி, ஓட்டை விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த அடி கொஞ்சம் சாப்பாட்டோடு சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் யோசிப்பதில்லை. பொலிஸ்டைரீனின் மூலப்பொருளான ஸ்டைரீனை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருட்களின் பட்டியலில் மேலே உயர்த்தி வைத்தது. பெட்டியிலிருந்து கசியும் அளவு சிறிதுதான். ஒரு நாள் கொத்துச் சாப்பிட்டு ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சூடும் எண்ணெயும் கூடக் கூடக் கசிவும் கூடும். சூடும் எண்ணெயும் இல்லாத எங்கட சாப்பாடு எது?

சரி, ரெஜிபோம் போகட்டும். "மக்கிப் போகும்" என்று பச்சை இலை படம் போட்டு விற்கிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினால் என்ன? இங்கேதான் பலருக்கும் தெரியாத விசயம் இருக்கிறது. அதையும் மொன்றியல் தடை செய்திருக்கிறது.

சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ எடுக்கும் சர்க்கரையில் செய்கிற பிளாஸ்டிக் அது. பிஎல்ஏ என்பார்கள். பெட்டியின் அடியில் 7 என்ற எண் இருக்கும். 7 என்பது பலவகைப் பிளாஸ்டிக்குக்கும் போடும் பொது எண். தடை இந்த வகைக்கு. கேட்க நல்லாயிருக்கிறது, ஆனால் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் அது மக்காது. 60 பாகையை அண்டிய சூட்டைக் கிழமைக்கணக்கில் கொடுக்கிற ஆலை வேண்டும். மீள்சுழற்சித் தொட்டிக்குள் போட்டால், பார்வைக்குத் தண்ணீர்ப் போத்தல் பிளாஸ்டிக் போலவே இருப்பதால் அதோடு கலந்து அதையும் கெடுக்கும். இதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அது 60 பாகைக்குக் கிட்டவே இளகிவிடும். குளிர்ந்த சலாட்டுக்குச் சரி. கொதிக்கக் கொதிக்கச் சோதி ஊற்றினால் பெட்டி கையிலேயே துவண்டுவிடும். பச்சை இலை படத்துக்கு மயங்கிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கின கடைக்காரர், சட்டத்தையும் மீறி சாப்பாட்டையும் கொட்டின கதையாக முடியும்.

அடுத்தது மட்டைப் பெட்டியும் கரும்புச் சக்கையில் அமுக்கிச் செய்த கிண்ணமும். தடை இல்லை. ஆனால் கடதாசி எண்ணெயை உறிஞ்சும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உறிஞ்சாமல் இருக்க அதில் ஏதோ பூச வேண்டும். நீண்ட காலம் பூசப்பட்டது ஃபுளோரின் கலந்த ஒரு இரசாயனக் குடும்பம். உடம்பிலும் மண்ணிலும் எளிதில் அழியாததால் "என்றென்றைக்கும் நிற்கும் இரசாயனம்" என்று பேர் வாங்கினது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிரியம் டயமண்ட் குழுவினர் ரொறன்ரோக் கடைகளில் சேகரித்த 42 கடதாசி உறைகளையும் கிண்ணங்களையும் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். 45 வீதமானவற்றில் ஃபுளோரின் இருந்தது. அதிகம் இருந்தது எதில் தெரியுமா? சூழலுக்கு நல்லது என்று பிளாஸ்டிக்குக்குப் பதிலாக வந்த நார்க் கிண்ணங்களில். அமெரிக்காவில் இந்தப் பூச்சை உணவு உறைகளுக்கு விற்பது நின்றுவிட்டது என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. இப்போது பூச்சில்லாத நார்க் கிண்ணங்கள் கிடைக்கின்றன. கடைக்காரர்கள் மொத்த வியாபாரியிடம் "பிஃபாஸ் இல்லாததோ?" என்று ஒரு கேள்வி கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கறுப்புப் பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்க அழகு, கறியின் நிறம் எடுத்துக் காட்டும். கரித்தூள் சேர்த்துக் கறுப்பாக்கின பிளாஸ்டிக்கை, மீள்சுழற்சி நிலையத்தில் ஒளியால் தரம் பிரிக்கிற இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒளியைக் கரி விழுங்கிவிடும். ஆகவே நாங்கள் கழுவித் துடைத்துத் தொட்டியில் போட்டாலும் அது போகிற இடம் குப்பை. கனடா மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த விதியிலும், உணவகப் பெட்டிக்கு ஆகாத பிளாஸ்டிக் என்று இந்தக் கறுப்பு வகை குறிப்பிடப்பட்டது. அந்த விதிக்கு அடிப்படையான ஆணை செல்லாது என்று 2023 நவம்பரில் பெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, விசயம் மேன்முறையீட்டுக்குப் போனது. மொன்றியலின் விதி நகரத்தின் தனி விதி. அந்த வழக்கைச் சாட்டி ரெஜிபோமை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியில் மிஞ்சுவது என்ன? 5-ஆம் எண் போட்ட, கண்ணாடி போலவோ வெள்ளையாகவோ இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி. பொலிபுரொப்பிலீன் என்று பெயர். உருகுவதற்கு 160 பாகை அளவில் சூடு வேண்டும் என்பதால் சோதியைத் தாங்கும், மூடியும் இறுக்கமாகப் பூட்டும். அலுமினியத் தட்டு இன்னொன்று, பிட்டுக்கும் பிரியாணிக்கும் நல்லது. உலர்ந்த சாமானான றோல்ஸ், வடை, ரொட்டிக்குக் கடதாசிப் பை போதும். இதுதான் நேர்மையான பதில். எல்லாவற்றுக்கும் ஒரே நல்ல பெட்டி என்று ஒன்றில்லை.

இனி அந்த அண்ணையின் கேள்விக்கு வருவோம். பெட்டிக்கும் காசோ?

பீட்சாவுக்கு ஒரு மட்டைப் பெட்டி போதும். எங்கட சாப்பாடு அப்படியில்லை. இடியப்பத்துக்கு ஒன்று, சோதிக்கு ஒன்று, சம்பலுக்குச் சின்னது ஒன்று, குழம்புக்கு ஒன்று. ஒரு வீட்டுக்கு நாலு பெட்டி. சோதி கொட்டினால் வாடிக்கையாளர் போனில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிடுவார். அந்தப் பயத்தில் கடைக்காரர் பெட்டிக்கு மேல் பொலித்தீன் சுற்றுவார், அதற்கு மேல் கடதாசிப் பை, சில நேரம் இரட்டைப் பை. டெலிவரித் தம்பி சைக்கிளில் குயீன் மேரி ஏற்றத்தில் ஏறி, இறங்கி, பனியில் சறுக்கி வருகிறான். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவும்.

இதற்கு மேல் டெலிவரிக் கம்பனியின் கழிவு. கொரோனாக் காலத்தில் உணவகங்களைக் காப்பாற்ற கியூபெக் அரசு 2021-ல் அந்தக் கழிவுக்கு 20 வீத உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. தற்காலிகமாகத்தான். 20 வீதம் என்பதே சலுகை என்றால், சாதாரண காலத்து நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்தக் கழிவும் பெட்டிக் காசும் போக, தேங்காய் விலையும் வாடகையும் போக, விடிய நாலு மணிக்கு எழும்பி மா அவிக்கிற அக்காவுக்கு என்ன மிஞ்சும்? ரெஜிபோம் காலத்தில் பெட்டி இலவசம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது இலவசமாக இருந்ததில்லை. அதன் செலவைக் குப்பைமேடும் ஆறும் தாங்கின. இப்போது அந்தச் செலவு பில்லில் ஒரு வரியாக வந்து கண்ணில் படுகிறது.

குப்பைமேடு என்றதும் ஊர் ஞாபகம் வருகிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் லன்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடை செய்யப்பட்டன. மொன்றியலுக்கு ஐந்து வருசத்துக்கும் மேல் முன்னதாகவே! 2023 ஒக்டோபர் 1-ல் வந்த அடுத்த தடைப் பட்டியலில் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, பிளாஸ்டிக் பூமாலை இவற்றோடு ஒரு சாமான் இருந்தது. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு! தமிழ்நாட்டிலும் 2019 ஜனவரி 1 முதல், ஓட்டல்களில் சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள் உட்பட 14 வகைப் பொருட்களுக்குத் தடை. சட்டம் போட்ட மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் "இதெல்லாம் வெள்ளைக்காரன்ர வேலை, எங்கட சனத்துக்குச் சரிவராது" என்கிறவர்கள், எங்கட சனம் இதை முதலே தொடங்கிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அந்தக் காலத்தில வாழையிலைதானே, பனையோலைப் பிளாவிலதானே கூழ் குடிச்சனாங்கள்" என்று பெருமூச்சு விடுவதும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது மொன்றியலுக்கு விடையில்லை. இங்கே வாழையிலை உறைய வைத்து, பிளாஸ்டிக் உறையில், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறது. விரதத்துக்கும் விசேசத்துக்கும் சரி, வெள்ளிக்கிழமைக் கொத்துக்குச் சரிவராது. பிளாவிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் ஓலை இல்லை. பக்கத்தில் கிடைத்ததைப் பாவித்தார்கள், பாவித்து முடிந்ததும் அது மண்ணுக்குப் போனது, அதுதான் பாடம். எங்களுக்குப் பக்கத்தில் கிடைப்பது எது? வீட்டு அலுமாரியில் தூங்கும் எவர்சில்வர் பாத்திரம்.

கியூபெக்கில் உணவுப் பாதுகாப்பைப் பார்க்கிற மாபாக் அமைச்சு, வாடிக்கையாளர் சொந்தப் பாத்திரம் கொண்டு போவதைத் தடை செய்யவில்லை. பாத்திரம் சுத்தமாக, உணவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கடைக்காரர் அதைப் பார்த்து, ஊத்தையாக இருந்தால் மறுக்கலாம். இவ்வளவும் தெரிந்த பிறகு சும்மா எழுதிவிட்டுப் போனால் சரியில்லை என்று, அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவின் மூன்றடுக்கு டிபன் கரியரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா முதலில் முழித்தார். காரணம் நான் நினைத்தது இல்லை. "அளவு எப்படித் தம்பி பார்க்கிறது?" என்றார். அப்போதுதான் விளங்கியது, கடையில் பெட்டிதான் படி. சோதி என்றால் ஒரு பெட்டி, குழம்பு என்றால் ஒரு பெட்டி, விலையும் அதற்குத்தான். என் பாத்திரத்துக்கு விலை இல்லை. பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். ஒரு பெட்டிக்கு எத்தனை அகப்பை பிடிக்கும் என்று தண்ணீரால் அளந்து பார்த்தார். மூன்று. அவ்வளவுதான், பிரச்சினை முடிந்தது. பெட்டிக் காசையும் பில்லில் கழித்துவிட்டார்.

வெளியே நல்ல குளிர். கரியரைப் பழைய துவாயால் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சூடு கொஞ்சம் குறைந்தது. சோதி ஒரு சொட்டும் சிந்தவில்லை.

எல்லோரும் எப்போதும் இப்படிச் செய்ய ஏலாது என்பது தெரியும். இரண்டு வேலை செய்துவிட்டு இரவு பத்து மணிக்கு வருகிறவர் போனில் அழுத்தி வரவழைக்கத்தான் செய்வார். கைக்குழந்தையோடு இருப்பவரும், முழங்கால் வருத்தக்காரரும் கரியர் தூக்கிக்கொண்டு பனியில் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டெலிவரி எடுப்பவர்கள் செய்யக்கூடியது வேறு. கரண்டியும் சின்னச் சம்பல் கிண்ணமும் தேவையில்லை என்றால் ஓடர் போடும்போதே எழுதிவிடுங்கள். வீட்டில் சம்பல் இடிக்கத் தெரிந்தவருக்குச் சம்பல் எதற்கு? கடை கிட்ட என்றால் கம்பனி வழியாகப் போகாமல் கடைக்கே போன் எடுங்கள். பெட்டியின் அடியைத் திருப்பி எண்ணைப் பாருங்கள். 5 என்றால் கழுவி வையுங்கள். ஆனால் அதிலேயே வைத்து மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். பொலிபுரொப்பிலீன் பெட்டியை மைக்ரோவேவில் வைத்தால் கோடிக்கணக்கில் நுண்துகள்கள் வெளிவருவதை நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தார் 2023-ல் காட்டியிருக்கிறார்கள். கோப்பைக்கு மாற்றிச் சூடாக்க அரை நிமிடம் போதும்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. இந்த மாகாணத்துச் சனத்துக்கு வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிப் பழக்கம். 2023 நவம்பரிலிருந்து அலுமினியக் கான்களுக்கும், 2025 மார்ச்சிலிருந்து பிளாஸ்டிக் போத்தல்களுக்கும் 10 சதம் வைப்புக் காசு. பத்துச் சதத்துக்காகப் பை நிறையச் சுமந்துகொண்டு போகிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிற வாடிக்கையாளரிடம் ஒரு தொகையை வைப்பாக வாங்கிக்கொண்டு நல்ல எவர்சில்வர் டப்பாவில் சோதி கொடுத்தால், அடுத்த கிழமை அது திரும்பி வராதா? இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து செய்தால் டப்பா எந்தக் கடைக்கு வந்தாலும் கணக்குச் சரி. பிறந்தநாளுக்கும் அந்தியேட்டிக்கும் பெரிய சட்டியில் எடுத்துப் போய்ச் சட்டியைத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்குப் புதிதா என்ன?

அந்த அண்ணையை இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பவும் கடையில் கண்டேன். வேறு கடைக்குப் போகவில்லை. என் கையிலிருந்த கரியரைப் பார்த்துவிட்டு, "இதில எத்தனை பேருக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"நாலு பேருக்குத் தாராளம்" என்றேன்.

"எங்கட வீட்டிலயும் ஒண்டு கிடக்குது. மனிசிதான் எங்கயோ மேல வைச்சிருக்கிறா" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும். இறக்கி, கழுவி, வெயிலில் காயவிடுங்கள். கடைக்குப் போகும்போது முதல் நாள் மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். எத்தனை அகப்பை என்று மறக்காமல் கேளுங்கள்.